சாட்சிக் கூண்டு காலியாக இருக்கிறது

(நம் அறக்கட்டளையின் காலாண்டுக் குடும்பச் சந்திப்பில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

கல்வி உதவித்தொகை பற்றியும் அடுத்த மாதக் கண் பரிசோதனை முகாம் பற்றியும் தலைவர் விவரமாகச் சொல்லிவிட்டார். எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு "நீதிமன்றமும் நாமும்". நான் சட்டம் படித்தவன் அல்ல. மதரஸாவில் ஓதினேன், பிறகு கல்லூரியில் வணிகவியல் படித்தேன். ஆனால் இந்த அறக்கட்டளை அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பதால், கையில் சம்மனோடும் நோட்டீஸோடும் எஃப்.ஐ.ஆர். நகலோடும் வருகிற மக்களை வாரந்தோறும் பார்க்கிறேன். அவர்கள் சொல்லக் கேட்டதையும், நமக்கு உதவும் வழக்கறிஞர்களிடம் கேட்டுத் தெளிந்ததையும் வைத்துத்தான் பேசப் போகிறேன்.

வருகிறவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது ஒரே வார்த்தைதான். "பாய், கோர்ட்டுக்குப் போனா ஒண்ணும் நடக்காது. வேற ஏதாவது வழி இருக்கா?" நீதி கிடைக்கிற இடம் என்ற எண்ணம் போய், வாய்தா கிடைக்கிற இடம் என்ற எண்ணம் வந்துவிட்டது. இந்த அவநம்பிக்கையைப் பற்றித்தான் இன்று பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

குறை உண்மைதான்

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். மக்கள் சும்மா குறை சொல்லவில்லை. நாட்டின் மாவட்ட, வட்ட அளவிலான நீதிமன்றங்களில் மட்டும் 4 கோடிக்கும் அதிகமான வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன. இது யாரோ கிளப்பிவிட்ட கணக்கல்ல. நீதித் துறையே இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடும் கணக்கு. அப்பா போட்ட வழக்குக்குப் பேரன் வாய்தாவுக்குப் போகிறான் என்றால், அந்தக் குடும்பத்திடம் போய் நம்பிக்கை வையுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நம் சமூகத்துக்கென்று தனியான வலியும் உண்டு. குஜராத்தின் அக்ஷர்தாம் கோயில் தாக்குதல் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கொடுஞ்செயலில் முப்பதுக்கும் மேற்பட்ட அப்பாவிகள் உயிரிழந்தார்கள். அதில் பிடிக்கப்பட்ட ஆறு பேரில் மூவருக்குக் கீழ் நீதிமன்றம் மரண தண்டனையே விதித்தது. உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2014 மே 16 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஆறு பேரும் குற்றவாளிகள் அல்ல என்று விடுவித்தது. அவர்களுக்கு எதிராக வைக்கப்பட்ட ஒப்புதல் வாக்குமூலங்களை நம்ப முடியாது என்று சொன்னது. அதற்குள் பத்தாண்டுக்கு மேல் போய்விட்டது. அந்த ஆண்டுகளை எந்தத் தீர்ப்பு திருப்பித் தரும்?

ஆனால் அதே வழக்கை இன்னொரு தடவை யோசித்துப் பாருங்கள். அந்த மனிதர்களைத் தூக்குக் கயிறு வரை கொண்டுபோனது எது? பொய்யான சான்று. கடைசியில் காப்பாற்றியது எது? அந்தச் சான்று பொய் என்று கண்டுகொண்ட ஒரு நீதிமன்றம். நீதிமன்றத்தின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அதன் முன்னால் வைக்கப்படும் சான்று எப்படியோ, தீர்ப்பும் பெரும்பாலும் அப்படியே அமைகிறது.

நீதிபதிக்கு என்ன தெரியும்?

நம் ஊரில் ஒரு சண்டை நடந்தால், யார் மேல் தப்பு என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். டீக்கடைக்காரருக்குத் தெரியும், பால் ஊற்றுகிறவருக்குத் தெரியும், எதிர்வீட்டு நன்னிக்குத் தெரியும். தெரியாத ஒரே ஆள் நீதிபதி. அவர் நம் தெருவுக்கு வந்து டீ குடித்தபடி விசாரிக்க முடியாது. தனக்குச் சொந்தமாகத் தெரிந்த விஷயத்தை வைத்துத் தீர்ப்பு எழுதவும் கூடாது. மேசைக்கு வந்த காகிதம், கூண்டில் ஏறியவர் சொன்ன வார்த்தை, இவை இரண்டும்தான் அவருக்குக் கண்ணும் காதும். நாம் வாயை மூடிக்கொண்டால் அவருக்கு எதுவும் தெரிய வழியில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். யார் எவர் என்ற விவரம் வேண்டாம். மொபெட்டில் மீன் விற்று வந்த ஒருவர். அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்த நேரம். பைபாஸ் திருப்பத்தில் ஒரு லாரி வந்து அடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே மவுத்தாகிவிட்டார். மனைவி, படிக்கிற வயதில் மூன்று பிள்ளைகள். ஜனாஸாவுக்கு ஊரே திரண்டு வந்தது. நாற்பது நாள் வரை அந்த வீட்டுக்குச் சாப்பாடு போனது. அதில் நம் மக்களைக் குறை சொல்லவே முடியாது.

போலீஸ் வந்து விசாரித்தபோது என்ன நடந்தது? திருப்பத்தில் குறைந்தது இருபது பேர் நின்றிருந்தார்கள். "நான் அந்தப் பக்கம் திரும்பி நின்னேன்", "சத்தம் கேட்டுத்தான் பார்த்தேன்", "எனக்குக் கடையில வியாபாரம்." ஒருவர்கூடக் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லவில்லை. பெயர் எழுதிக்கொள்ளப்பட்ட இரண்டு பேரும் நீதிமன்றத்தில் போய், லாரி எப்படி வந்தது என்று கவனிக்கவில்லை என்றார்கள். ஓட்டுநர் மீதான குற்ற வழக்கு நிற்கவில்லை.

குற்ற வழக்கு தோற்றாலும் விபத்து இழப்பீட்டு வழக்கு தனியாக நடக்கும். அங்கே அந்தச் சகோதரி இழப்பீடு கேட்டார். இவர்தான் பார்க்காமல் சட்டென்று திருப்பினார் என்று காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் வாதிட்டார். இல்லை என்று சொல்ல ஒரு சாட்சியும் இல்லை. விபத்தில் இறந்தவருக்கும் பங்கு உண்டு என்று தீர்ப்பாயம் முடிவு செய்து, அந்த அளவுக்குத் தொகையைக் குறைத்துவிட்டது. மறுநாள் தெருவில் என்ன பேச்சு தெரியுமா? "பணக்காரன் கோர்ட்டையே வாங்கிட்டான் பார்த்தியா?"

அன்பர்களே, அந்த நீதிமன்றத்தை யாரும் வாங்கவில்லை. வாங்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு ஏற்படவில்லை. இருபது பேர் பார்த்ததை இருபது பேரும் தங்கள் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். குறைந்த தொகை அந்தப் பிள்ளைகளின் படிப்பில்தான் குறைந்தது. மூத்த பையன் பத்தாம் வகுப்போடு நின்று ஒரு மெக்கானிக் கடைக்குப் போனான். நாற்பது நாள் சாப்பாடு கொடுத்த தெரு, நாற்பது நிமிடம் கூண்டில் நிற்க ஆளில்லாமல் போய்விட்டது.

சாட்சி விழுந்தால், சாட்சி நின்றால்

நாட்டளவில் நடந்த இரண்டு வழக்குகளை அருகருகே வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகப் புரியும்.

2002 மார்ச் 1. குஜராத்தில் வதோதரா நகரின் பெஸ்ட் பேக்கரி எரிக்கப்பட்டு 14 பேர் கொல்லப்பட்டார்கள். வழக்கு நடந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட சாட்சிகள் பிறழ் சாட்சிகளானார்கள். 2003 ஜூன் மாதம் 21 பேரும் விடுவிக்கப்பட்டார்கள். முக்கியமான சாட்சி, தன் சொந்த உறவுகளைப் பறிகொடுத்த இளம்பெண். அவரே நீதிமன்றத்தில் யாரையும் அடையாளம் தெரியவில்லை என்றார். பிறகு, மிரட்டலால்தான் அப்படிச் சொன்னேன் என்றார். 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, மகாராஷ்டிரத்தில் மறுபடி விசாரிக்கச் சொன்னது. அங்கேயும் அந்தப் பெண் பேச்சை மாற்றினார். 2006இல் உச்ச நீதிமன்றம் அவருக்கே ஓராண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. ஆனால் அதே பேக்கரியில் வேலை செய்து காயம்பட்ட ஏழைத் தொழிலாளர்கள் மும்பை வந்து கூண்டில் ஏறிச் சொன்னார்கள். அந்த மறு விசாரணையில் ஒன்பது பேர் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களில் சிலரை 2012இல் உயர் நீதிமன்றம் விடுவித்தாலும், மற்றவர்கள் மீதான தண்டனை நிலைத்தது.

அந்தப் பெண்ணைத் தூற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. பயமும் ஆசை வார்த்தையும் சேர்ந்து நெருக்கும்போது தனியாக நிற்கிற ஒரு சாட்சியின் கதி என்ன என்பதற்காகச் சொல்கிறேன். சாட்சியைத் தனியாக விட்ட சமூகத்துக்கும் அதில் பங்கு உண்டு.

இன்னொரு வழக்கு நம் தமிழ்நாட்டிலேயே நடந்தது. தருமபுரி மாவட்டம் அரூர் பக்கம் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தன மரக் கடத்தலைத் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலைவாழ் மக்களின் ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். புகார் சொன்னபோது ஆரம்பத்தில் நம்புவாரில்லை. எதிரே நின்றது அரசாங்கத்தின் மூன்று துறைகள். இந்தப் பக்கம் எழுதப் படிக்கத் தெரியாத ஏழைப் பெண்கள். அவர்களுக்குப் பக்கபலமாக மலைவாழ் மக்கள் சங்கத்தினரும் சில வழக்கறிஞர்களும் மட்டுமே நின்றார்கள்.

அந்தப் பெண்கள் வாக்கு மாறவில்லை. இளம்பெண்களாக இருந்தவர்கள் தாயாகி, சிலர் பாட்டியும் ஆகி, அதே உண்மையை அதே வார்த்தையில் சொன்னார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். அவர்களில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. மேல்முறையீடு செய்தார்கள். உயர் நீதிமன்ற நீதிபதி அந்த ஊருக்கே நேரில் போய்ப் பார்த்தார். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

31 ஆண்டுகள். இவ்வளவு தாமதம் நியாயமா என்று கேட்டால் நியாயமில்லை. ஆனால் அந்தப் பெண்கள் பத்தாவது ஆண்டில் "இனிமே என்னத்த" என்று வீட்டில் உட்கார்ந்திருந்தால் 215 பேரும் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பார்கள். இன்று வாச்சாத்தி தீர்ப்பைச் சொல்லி எத்தனையோ பேர் நீதிமன்றத்தை நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு அஸ்திவாரம் போட்டவர்கள் அந்தப் பதினெட்டுப் பெண்கள்.

மார்க்கக் கடமை, குடிமைக் கடமை

நம் அரசமைப்புச் சட்டத்தில் குடிமக்களின் அடிப்படைக் கடமைகள் என்று ஒரு பகுதி இருக்கிறது. 1976இல் பத்துக் கடமைகளாகச் சேர்த்தார்கள், 2002இல் பதினொன்றாக ஆக்கினார்கள். பிள்ளைகள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிறார்கள். முதல் கடமையே அரசமைப்பையும் அதன் அமைப்புகளையும் மதிப்பது. ஆகஸ்ட் 15க்குக் கொடியேற்றி மிட்டாய் கொடுப்பதோடு அந்த மதிப்பு முடிந்துவிடுகிறதா? ஒரு நீதிமன்றத்துக்கு நாம் செய்யக்கூடிய பெரிய மரியாதை, கூப்பிட்டால் போய் உண்மையைச் சொல்வதுதான்.

இதை நமக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. சாட்சிகள் அழைக்கப்பட்டால் மறுக்கக் கூடாது, அறிந்ததை மறைக்கக் கூடாது என்ற கட்டளை அல்பகரா அத்தியாயத்தில் இருக்கிறது. மறைப்பவரின் உள்ளமே பாவத்தில் இருக்கிறது என்ற எச்சரிக்கையும் அங்கேயே உண்டு. பெரும் பாவங்களைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, அதுவரை சாய்ந்திருந்தவர்கள் பொய்ச் சாட்சி என்ற இடம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து திரும்பத் திரும்பச் சொன்னதை ஹஜ்ரத் பலமுறை ஜும்ஆவில் சொல்லியிருக்கிறார். நோன்பு விட்டால் பதறுகிற நாம், சாட்சி சொல்லாமல் விட்டதற்காக என்றாவது பதறியிருக்கிறோமா?

கலீஃபா அலீ (ரலி) அவர்களின் போர்க்கவசம் காணாமல் போன வரலாறும் உங்களுக்குத் தெரியும். வேற்று மதத்தவர் ஒருவரிடம் அது இருந்தது. காழி ஷுரைஹ் அவர்களிடம் வழக்குப் போனது. சாட்சி எங்கே என்று காழி கேட்டார். மகன் ஹஸன் (ரலி) அவர்களைச் சொன்னார்கள். தந்தைக்காக மகன் சொல்லும் சாட்சியை ஏற்க முடியாது என்று காழி சொல்லிவிட்டார். நாட்டை ஆள்பவர் வழக்கில் தோற்றார், ஏற்றுக்கொண்டார். காழியின் நேர்மைக்கு உதாரணமாகத்தான் நாம் இதைச் சொல்கிறோம். அதிலே இன்னொன்றும் இருக்கிறது. கேட்டவர் கலீஃபாவே ஆனாலும், கவசம் உண்மையிலேயே அவருடையதே ஆனாலும், தகுந்த சாட்சி இல்லையென்றால் நேர்மையான காழியாலும் எதுவும் செய்ய முடியாது.

நம்ம ஆளு என்றால்?

பிறர் மீது சாட்சி சொல்வது ஒரு சோதனை. நம்மவர் மீது சாட்சி சொல்வது அதைவிடப் பெரிய சோதனை. தனக்கோ, பெற்றோருக்கோ, உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் நீதியின் பக்கம் நில் என்பது அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் தரும் கட்டளை.

2020இல் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் காவல் நிலையத்தில் அடிக்கப்பட்டு அடுத்தடுத்து உயிரிழந்தது நமக்கெல்லாம் நினைவிருக்கும். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகவே வழக்கை எடுத்து, மாஜிஸ்திரேட்டை அனுப்பி விசாரிக்கச் சொன்னது. அந்த நிலையத்திலேயே வேலை பார்த்த தலைமைக் காவலர் ரேவதி, விடிய விடிய அடித்ததையும் லத்தியில் ரத்தக்கறை இருந்ததையும் அவரிடம் சொன்னார். பயப்படாமல் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். பயந்துகொண்டேதான் சொன்னார். அதனால்தான் அது பெரிய காரியம். மறுநாளும் அவர் அதே சீருடையைத்தான் போட்டாக வேண்டும், அதே துறையில்தான் வேலை பார்த்தாக வேண்டும்.

இதை நம் மஹல்லாவுக்குப் பொருத்திப் பார்ப்போம். கணவன் வீட்டில் ஒரு பெண் அடிபடுகிறாள். பக்கத்து வீட்டில் சத்தம் கேட்கிறது. வழக்கு என்று வந்தால் பக்கத்து வீட்டார், "அது அவங்க குடும்ப விஷயம்" என்கிறார்கள். சின்னப் பிள்ளையிடம் ஒருவன் தவறாக நடந்துகொள்கிறான். "ஊருக்குள்ளேயே பேசி முடிச்சுக்கலாம், குடும்ப மானம் போயிடும்" என்று நாலு பெரியவர்கள் கூடுகிறார்கள். பணம் கைமாறுகிறது. பிறகு நீதிமன்றத்தில் பிள்ளையின் தாயே "அப்படி எதுவும் நடக்கவில்லை" என்று சொல்கிறாள்.

ஜமாஅத் தலைவர் முன்னிலையிலேயே சொல்கிறேன், அவரும் இதில் எனக்கு உடன்பாடானவர். கணவன் மனைவியைச் சேர்த்து வைப்பது, அண்ணன் தம்பி பாகப் பிரிவினையைப் பேசித் தீர்ப்பது, கடன் கொடுக்கல் வாங்கலில் தவணை வாங்கித் தருவது, இவையெல்லாம் சமரசம். நன்மையான காரியம். ஜமாஅத் அதைச் செய்யத்தான் வேண்டும். ஆனால் ஒரு குற்றத்தை மூடி மறைக்கச் சொல்லிச் சாட்சியை நெருக்குவது சமரசம் ஆகாது. அதுவும் ஒரு குற்றம். பள்ளிவாசல் வளாகங்களில் நீதிமன்றம் போல மன்றம் நடத்தக் கூடாது என்று 2016 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது நம்மில் சிலருக்கு மனம் நொந்தது. நான் அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறேன். சேர்த்து வைக்கிற வேலை நமக்கு இருக்கிறது. தண்டிக்கிற வேலையும் மன்னித்து விடுகிற வேலையும் நம்முடையது அல்ல.

நீதிமன்றம் நமக்குச் சம்பந்தமில்லாத இடம் என்று நினைக்கிற பிள்ளைகளுக்கு இரண்டு பெயர்களைச் சொல்லி வையுங்கள். நீதிபதி மு.மு. இஸ்மாயில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர். நெருக்கடி நிலைக் காலத்தில் சென்னைச் சிறையில் கைதிகள் அடிக்கப்பட்டதை விசாரித்தது அவர் தலைமையிலான ஆணையம்தான். பாத்திமா பீவி அம்மையார் 1989இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார், பிறகு நம் மாநிலத்துக்கே ஆளுநராக வந்தார். அந்த இடம் எல்லோருக்கும் உரியது. நமக்கும் உரியது.

பயத்துக்குப் பதில்

ஏன் போக மாட்டேன் என்கிறார்கள்? கெட்ட எண்ணத்தால் அல்ல. பயம், அலைச்சல், கூலி போய்விடுமே என்ற கவலை. ஒவ்வொன்றுக்கும் சட்டத்தில் ஓரளவு பதில் இருக்கிறது. தெரிந்துகொள்ளுங்கள்.

"ஸ்டேஷனுக்குக் கூப்பிடுவாங்களே?" பெண்கள், 15 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள், 60 வயதுக்கு மேற்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரைச் சாட்சி விசாரணைக்காகக் காவல் நிலையத்துக்கு வரச் சொல்ல முடியாது. அவர்கள் இருக்கும் இடத்துக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். போலீஸார் எழுதிக்கொள்ளும் சாட்சி வாக்குமூலத்தில் யாரும் கையெழுத்துப் போடவும் தேவையில்லை.

"விபத்தில் அடிபட்டவரைத் தூக்கினால் நம்ம தலையிலேயே கேஸ் வருமே?" வராது. உச்ச நீதிமன்றம் 2016இலேயே இதற்கு வழிகாட்டுதல் தந்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே பாதுகாப்பைச் சேர்த்துவிட்டார்கள். உதவியவர் பெயரைக்கூடச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் கட்டாயமில்லை என்று சட்டம் விட்டுவிட்ட இடத்தில்தான் மனசாட்சியின் வேலை ஆரம்பிக்கிறது. மீன் வியாபாரியின் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

"மிரட்டினால்?" சாட்சியை மிரட்டுவது தனிக் குற்றம். 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை ஏற்று நாடு முழுவதும் அமலாக்கியது. அதன்படி மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் பாதுகாப்புக் கேட்டு மனுப் போடலாம். எல்லா இடத்திலும் அது சரியாக நடக்கிறதா என்றால், இன்னும் போக வேண்டிய தூரம் உண்டு. ஆனால் கேட்காத பாதுகாப்பு ஒருநாளும் கிடைக்காது.

"கூலி போகுமே?" குற்ற வழக்கில் சாட்சிக்கு உரிய செலவை அரசிடமிருந்து கொடுக்கச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. கூச்சப்படாமல் கேளுங்கள். அதே நேரம், வந்த சம்மனை மடித்து அலமாரியில் வைத்துவிடாதீர்கள். போகாவிட்டால் பிடிவாரண்ட் வரை வரும்.

"வக்கீல் குறுக்குக் கேள்வி கேட்டு மடக்கிடுவாரே?" கண்டதைச் சொல்கிறவரை யாரும் மடக்க முடியாது. கூட்டியோ குறைத்தோ சொல்கிறவர்தான் மாட்டுவார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம். கேள்வி புரியவில்லை என்றால் மறுபடி கேட்கச் சொல்லலாம். நம் பகுதியில் ஆப்பக்கடை வைத்திருக்கும் ஒரு தாயார், சங்கிலி பறிப்பு வழக்கில் சாட்சி சொல்லப் போனார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர், "உங்களுக்கு வயசாயிடுச்சு, கண்ணு சரியா தெரியாதுதானே?" என்று கேட்டார். "ஆப்பம் கருகுறது தெரியிற அளவுக்குத் தெரியும் ஐயா" என்றார் அந்தத் தாயார். கோர்ட்டே சிரித்ததாம். ஆனால் அவர் சொன்ன சாட்சி நின்றது. அந்தத் தாயார் பள்ளிக்கூடம் போனதில்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். நண்பனுக்காக, உறவுக்காக, பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்லப் போகாதீர்கள். நீதிமன்றத்தில் பொய்ச் சாட்சி சொன்னால் ஏழாண்டு வரை சிறை உண்டு. மறுமைக் கணக்கு தனி.

அறக்கட்டளை என்ன செய்யும்?

பேச்சோடு விடக் கூடாது என்று செயற்குழுவில் சில முடிவுகள் எடுத்திருக்கிறோம். சாட்சி சம்மன் வந்தவர்கள் சனிக்கிழமை மாலை மஃரிபுக்குப் பிறகு அலுவலகத்துக்கு வந்தால், அதில் என்ன எழுதியிருக்கிறது, எந்த நீதிமன்றம், எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று படித்துச் சொல்வோம். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று இணையத்தில் பார்த்துச் சொல்லக் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் முன்வந்திருக்கிறார்கள். தனியாகப் போகத் தயங்கும் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் கூடவே வர ஒரு சகோதரியோ சகோதரரோ இருப்பார். இவர் என்ன சொல்ல வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்க மாட்டோம். அது நம் வேலை அல்ல. தைரியமாகப் போய்த் தைரியமாகத் திரும்பத் துணையிருப்போம், அவ்வளவுதான். எந்த மதத்தைச் சேர்ந்தவர் வந்தாலும் இதே உதவி உண்டு.

வழக்குப் போட வசதியில்லாதவர்களுக்கு, மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தருவார்கள். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். பேசித் தீர்க்கக்கூடிய வழக்குகளுக்கு மக்கள் நீதிமன்றம் இருக்கிறது. அங்கே தீர்த்துக்கொண்டால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அந்தத் தீர்வுக்கு மேல் மேல்முறையீடும் கிடையாது.

முடிவாக ஒரு வேண்டுகோள். அடுத்த முறை நம் தெருவில் ஏதாவது நடந்து, போலீஸார் வந்து "யார் பார்த்தது?" என்று கேட்கும்போது, ஒருவர் பின்னால் ஒருவர் ஒதுங்காமல், பார்த்தவர் "நான் பார்த்தேன்" என்று சொல்லட்டும். ஒருவர் சொன்னால் அடுத்தவருக்குத் தைரியம் வரும். மூன்று பேர் சொன்னால் மிரட்டுகிறவனுக்குத் தயக்கம் வரும். ஊரே சொல்லும் என்று ஆகிவிட்டால் பல குற்றங்கள் நடக்காமலே நின்றுவிடும். இந்த நாட்டின் நீதிபதிகளை நம்மால் தேர்ந்தெடுக்க முடியாது. ஆனால் அவர்கள் முன்னால் எந்த உண்மை போய்ச் சேர வேண்டும் என்பது நம் கையில் இருக்கிறது.

அறிந்ததை மறைக்காத நாவையும், சொன்னதில் நிற்கும் உறுதியையும் அல்லாஹ் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.